கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு: சைக்கிளா, காரா?

ஹட்டனில் வேலை கிடைத்ததும் என் அக்கா மகள் கேட்ட கேள்வி இது. "மாமா, பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போக முடியல. சைக்கிள் ஒன்னு வாங்கவா, இல்ல லீசிங்ல சின்னக் கார் ஒன்னு எடுக்கவா? ரோட்ட நெனச்சா ரெண்டுக்கும் பயமா இருக்கு." அவள் போகவேண்டியது கொட்டகலையிலிருந்து ஹட்டன் வரை, ஏ-7 வீதியில் பத்துக் கிலோமீற்றருக்குள். தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் புசல்லாவையிலும் இதே யோசனையோடு இருப்பவர்கள் பலர். அதனால் அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவளுடைய பயம் நியாயமானது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அதே வருடம் செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 உயிர்கள். நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையைப் பிளந்துவிட்டுப் போனது. மழை கொஞ்சம் கனத்தாலே இப்போது எல்லோருடைய கண்ணும் மண்மேட்டைத்தான் பார்க்கிறது.

இந்தப் பயத்துக்குள் இரண்டு வேறு ஆபத்துகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த வாகனம் என்று முடிவெடுக்க முடியும். ஒன்று, மற்றவனுடைய வாகனம் நம்மை அடிப்பது. மற்றது, நம்முடைய வாகனமே நம் கையை மீறி ரோட்டை விட்டுப் போவது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ முதலாவதுதான் பெரிது. மலைநாட்டில் இரண்டாவதும் அதற்குச் சமமாக நிற்கிறது. சைக்கிளா காரா என்று ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். "கார்ல போனா சுத்தி இரும்பு இருக்கு, சைக்கிள்ல என்ன இருக்கு?" என்பார்கள். பக்கத்து வாகனத்துக்கு எதிராக அந்த இரும்பு பெரிய பாதுகாப்புத்தான். அறுநூறு அடிப் பள்ளத்துக்கு எதிராக அதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

முதலில் காரைப் பார்ப்போம். மழை படாது, குளிர் படாது. முன் இருக்கையில் பெல்ட் போட்டால் விபத்தில் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கைக்குழந்தையோடோ வயதான அம்மாவோடோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வீட்டில் காருக்கு ஈடு கிடையாது.

ஆனால் மலையில் காரின் பலவீனம் இறக்கத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், நானுஓயா ஸ்டேசன் அதற்குச் சுமார் 250 மீற்றர் கீழே. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ இருக்கும் ஒரு சின்னக் கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தியைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 27 இலட்சம் ஜூல் வருகிறது. ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கடைசிச் சொட்டு வரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் அது. எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளாத மிச்சம் முழுவதும் நாலு பிரேக்குக்குள்தான் போக வேண்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குகிறவருடைய டிஸ்க் பழுக்கிறது, கருகல் மணம் வருகிறது. பழைய பிரேக் எண்ணெய் என்றால் அது கொதித்துக் குமிழி விடுகிறது. அதன் பிறகு பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி கால் உள்ளே போகும்.

எங்கள் பக்கத்து வீட்டில் தோட்டத்து லொறி ஓட்டி ரிடயரான அண்ணன் ஒருவர் இருக்கிறார். லைசன் எடுத்த பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, எந்த கியருல ஏறுனியோ அந்த கியருலதான் எறங்கணும்." ஓட்டோ கியர் கார்க்காரர்களுக்கும் இது பொருந்தும். அக்வா, பிரியஸ் போன்ற கார்களில் 'பி' என்று ஒரு இடம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். பலர் அதைத் தொடுவதே இல்லை, 'டி'யில் போட்டு மலை முழுவதும் பிரேக்கிலேயே இறங்குகிறார்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதை யார் செய்தாலும் அந்த வாகனத்தில் ஏறாதீர்கள்.

காரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். கார் ஆபத்தைக் குறைப்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும். வெளியே நடப்பவருக்கு அது ஆபத்தைக் கூட்டுகிறது. ரதெல்லயில் இறந்த அந்த 7 பேரும் வேனிலும் ஆட்டோவிலும் இருந்தவர்கள். எடை கூடிய வாகனம் எடை குறைந்ததை நசுக்குகிறது. நம் ரோட்டில் காலையில் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள், பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், விறகுக்கட்டோடு வரும் தாத்தாக்கள். நடைபாதை என்ற ஒன்றே இல்லாத இடங்களில் காபட் ரோட்டின் விளிம்பில் வரிசையாக நடக்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் மோதும் கார் 65இல் மோதினால், நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு ஏறுகிறது. புதிதாக லைசன் எடுத்த ஒருவர், கண்ணாடி நனைந்து உள்ளே பனி பிடித்திருக்கிற சமயத்தில் இவர்களைத் தாண்டிப் போக வேண்டும். காரை எடுக்க நினைக்கிறவர் இதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி சைக்கிள். முதல் கேள்வி எல்லோரும் கேட்பது: ஏற முடியுமா? அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் பதினைந்து கிலோ சைக்கிளில் அதே நானுஓயா - நுவரெலியா ஏற்றத்தை ஏறுவதாக வைப்போம். பழக்கமில்லாத உடம்பு தொடர்ந்து கொடுக்கக்கூடியது சுமார் 100 வாட். உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்க மட்டுமே அரை மணி நேரம் ஆகும், டயரின் உராய்வும் எதிர்க்காற்றும் தனி. கியர் சைக்கிள் இருந்தால் அது வியர்வையோடு முடிகிற காரியம். கியர் இல்லாத பழைய வண்டி என்றால் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொட்டகலை - ஹட்டன் வழியில் இவ்வளவு கடினம் கிடையாது.

ஏற்றத்தில் சைக்கிள்காரருக்கு ஒரு நல்லது உண்டு. அவர் எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் போகிறார், எந்த நொடியிலும் காலை ஊன்றி நின்றுவிடலாம். ஆபத்து பின்னாலிருந்து வருகிறது. முடக்குக்கு அந்தப் பக்கம் 25 மீற்றர்தான் தெரிகிறது என்று வையுங்கள். நனைந்த ரோட்டில் 40 கிலோமீற்றரில் வரும் கார், டிரைவர் பார்த்து மிதித்து நிற்பதற்குள் 33 மீற்றர் போய்விடும். அதே கார் 25இல் வந்தால் 17 மீற்றருக்குள் நின்றுவிடும். சைக்கிள்காரரால் அந்த வேகத்தை மாற்ற முடியாது. அவரால் செய்யக்கூடியது, முடக்குக்கு முன்னாலேயே பின்பக்கம் காது கொடுத்து, வாகனச் சத்தம் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் காத்திருப்பது.

ஓரமாய் ஒதுங்குவதைப் பற்றி நம் ஆட்கள் நினைப்பதில் ஒரு பிழை இருக்கிறது. "ஓரமாப் போனா ஒன்னும் ஆகாது" என்பார்கள். ஏ-7இல் எந்த இடத்திலாவது இறங்கி நின்று அந்த ஓரத்தைப் பாருங்கள். காபட் முடிகிற இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் படி மாதிரி இறக்கம். அதற்குக் கீழே ஒரு முழம் செம்மண், அதில் மழைத் தண்ணீர் அரித்த கோடுகள். அதையும் தாண்டினால் கொங்கிரீட் கான், பாதி மண் மூடி, மேலே சவுக்கு இலை மிதந்து, எவ்வளவு ஆழம் என்றே தெரியாதபடி. முன் சக்கரம் அந்தக் காபட் விளிம்பில் சறுக்கினால் திரும்ப ஏறாது, ஆளைத்தான் ரோட்டுப் பக்கம் தள்ளும். அது மலைப் பக்கத்து ஓரம். போகும்போது இடப்பக்கம் மலை என்றால் வரும்போது இடப்பக்கம் பள்ளம், அங்கே கானுக்குப் பதிலாக வெள்ளைக் கல் அல்லது குட்டைச் சுவர், சில இடத்தில் அதுவும் இல்லை. ஆகவே விளிம்பிலிருந்து ஒரு கை நீளமாவது உள்ளே ஓட்ட வேண்டும். இறக்கத்தில் நம் பக்கத்துப் பாதையின் நடுவுக்கே வரலாம், ஏனென்றால் அப்போது சைக்கிளின் வேகமும் ஆட்டோவின் வேகமும் ஒன்றுதான். பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும், அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

பஸ்ஸோடு ஒரே முடக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இடப்பக்க முடக்கில் பஸ்ஸின் முன்சக்கரம் தள்ளிப் போகும், பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பாதி தாண்டியதும் தப்பித்தோம் என்று நினைக்கிற சைக்கிள்காரரைத்தான் அது கானோடு சேர்த்து அணைக்கிறது. வலப்பக்க முடக்கில் பஸ்ஸின் வால் வெளியே வீசும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முடக்குக்கு முன்னால் நின்று பஸ்ஸை முழுதாக விட்டுவிடுவது.

இறக்கத்துக்கு வந்தால் கார்க்காரரின் பிரச்சினைதான் சைக்கிள்காரருக்கும், வேறு வடிவத்தில். ரிம்மைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைப் பிரேக் நனைந்திருக்கும்போது சக்கரம் சில சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். 30 கிலோமீற்றரில் அந்தச் சில சுற்றுக்குள் சைக்கிள் பத்து மீற்றருக்கு மேல் போய்விடுகிறது. மலைநாட்டில் சைக்கிள் வாங்குகிறவர்கள் விலை கொஞ்சம் கூடினாலும் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பாருங்கள். எந்தப் பிரேக் என்றாலும் முன், பின் இரண்டிலும் உள்ள கட்டைகளை மாதம் ஒருமுறை பார்த்து, தேய்ந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். முடக்கின் நடுவில் பிரேக் பிடிக்கக் கூடாது, முடக்குக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நனைந்த சவுக்கு இலை கிடக்கிற இடத்தில் சைக்கிளைச் சாய்க்கக் கூடாது. ஹெல்மட் கட்டாயம். தலையில் படும் பலத்த காயத்தைப் பாதிக்கும் மேல் குறைப்பது அதுதான்.

சைக்கிளுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் நெதர்லாந்தில் 2010இல் வெளிவந்த ஒரு கணக்கைக் காட்டுவார்கள். காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுகிறவர் விபத்தால் இழப்பது சராசரியாக ஆயுளில் 5 முதல் 9 நாள். உடற்பயிற்சியால் சேர்வதோ 3 முதல் 14 மாதம். சீனி வியாதியும் பிரஷரும் வீட்டுக்கு ஒன்றாகக் கிடக்கிற நம் ஊரில் அந்த லாபம் உண்மையாகவே பெரிது. ஆனால் அது சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட சமதரை நாட்டின் கணக்கு, அந்த 5 முதல் 9 நாளை அப்படியே ஏ-7க்கு எடுத்து வர முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிள்கள் பெருகினால் ஒரு சைக்கிளுக்கான ஆபத்துக் குறைகிறது என்பது பல நாடுகளில் கண்டது. சைக்கிள் ஓட்டம் இரட்டிப்பானால் விபத்து இரட்டிப்பாவதில்லை, மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்த நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே காலை ஏழு மணிக்கு ரோடு முழுக்கச் சைக்கிள், பாடசாலைப் பெண் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே போவார்கள். பஸ் டிரைவரின் கண் அதற்குப் பழகியிருக்கிறது. ஹட்டன் டிரைவர் முடக்கைத் திரும்பும்போது அங்கே ஒரு சைக்கிள் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. அதனால் இங்கே சைக்கிள்காரர் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். பகலிலும் பின்னால் சிவப்பு லைட் மின்ன வேண்டும், பளிச்சென்ற மேல்சட்டை வேண்டும். கறுப்பு மழைக்கோட்டுப் போட்டு மூடுபனியில் போவதை விட நடந்து போவது மேல்.

ஒரு பெண் சைக்கிளில் போனால் ஊர் பேசும் என்பதையும் அவள் கேட்டாள். சில நாள் பேசும். நாலு பெண் பிள்ளைகள் சேர்ந்து போனால் அந்தப் பேச்சும் குறையும், டிரைவர்கள் கண்ணும் பழகும்.

காசுக் கணக்கை நீட்டத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள், இடையில் பழைய கார்களின் விலையும் எங்கேயோ போய்விட்டது. 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்க வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதல் சம்பளத்தில் லீசிங் கட்டுவது அவளுக்குச் சுமை. மோட்டார் சைக்கிளை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. இலங்கையில் ரோட்டில் இறப்பவர்கள் ஆண்டுக்கு 2,000க்கும் அதிகம், அவர்களில் பெரிய பங்கு மோட்டார் சைக்கிள்காரர்கள். காரின் வேகமும் சைக்கிளின் பாதுகாப்பின்மையும் ஒன்றாகச் சேர்ந்த வாகனம் அது. மின்சார சைக்கிள் ஏற்றத்தை எளிதாக்கும், இறக்கத்தில் அதன் கூடுதல் எடையைப் பிரேக் சுமக்க வேண்டும்.

முடிவெடுக்கும்போது வாகனத்தை மட்டும் பார்க்காமல் ரோட்டுத் துண்டையும் நேரத்தையும் பருவத்தையும் பார்க்கச் சொல்வேன். இறம்பொடை கொண்டை ஊசி வளைவுகள், கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரும் ஏற்றம், எல்லயிலிருந்து வெல்லவாய இறக்கம், இவற்றில் தினசரி சைக்கிள் வேண்டவே வேண்டாம். அங்கே பகல் பஸ் அல்லது நன்றாகப் பழகிய டிரைவரின் கார். நீண்ட தூரத்துக்கு கோச்சி (ரயில்) ஓடுகிற நாளில் கோச்சிதான். நுவரெலியா டவுனைச் சுற்றி, நோர்வூட் - டிக்கோயா நீர்த்தேக்க ஓரம், தோட்டத்துக்குள் ஓடும் ரோடுகள், இவற்றில் நான் சைக்கிளின் பக்கம். கிளை ரோட்டில் வேகமாக வர எந்த வாகனத்தாலும் முடியாது, குழியே அவர்களுக்குப் பிரேக்.

நேரம் என்றால், இருட்டிய பிறகு இரண்டுமே கூடாது என்பதுதான் என் கட்சி, பஸ்ஸில் வாருங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். வெள்ளி, சனி இரவுகளிலும் போயா தினங்களிலும் தூங்காமல் ஓட்டி வந்த வெளியூர் டிரைவர்கள் ஹட்டன் வழியே போவார்கள். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான், மலை ரோடு பழகாத கைகள். பருவம் என்றால், ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் பின்நேரம் இடியோடு கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் காய்ந்த ரோடு. பதுளை, பண்டாரவளைப் பக்கம் இது தலைகீழ். ஜூன், ஜூலை, ஓகஸ்டில் காயும், ஆனால் ஹப்புத்தளைக் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் சைக்கிளும் வேண்டாம், காரும் வேண்டாம், லீவு போடுங்கள்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது இது. இப்போதைக்குக் கார் வேண்டாம். டிஸ்க் பிரேக் உள்ள கியர் சைக்கிள் ஒன்றை ஜனவரியில் எடு. காலையில் சைக்கிளில் போ. வேலை முடிகிற நேரம் வானம் கறுத்தால் சைக்கிளை ஹட்டனிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வா. 1990ஐ போனில் போட்டு வை, அந்த அம்புலன்ஸ் இலவசம். லைசனும் எடு, பக்கத்து வீட்டு லொறி அண்ணனை அருகில் உட்கார வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க அவருடைய வேனில் பழகு, அதற்குப் பிறகு காரைப் பற்றிப் பேசலாம். ஹட்டனில் சைக்கிளைப் பூட்டி வைக்க எனக்குத் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன், பின்பக்கத்துத் தாழ்வாரத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மே மாதம் மழை தொடங்கியதும் உட்கார்ந்து மறுபடி பார்ப்போம்.